வாக்குரிமையை இருமுறை இழந்த நகர்: ஜார்ஜ் டவுன் நகரமன்றத் தேர்தல் வரலாறு

பினாங்கின் தலைநகராகிய ஜார்ஜ் டவுனில் பெயர் மாறிய சாலைகள் பல. அவற்றுள் இரண்டு ஈண்டு நோக்கத்தக்கவை. முன்னாளில் ஸ்காட் சாலை என வழங்கியது இன்று ஜாலான் டி. எஸ். இராமநாதன் ஆயிற்று. பிரிட்ஜ் தெரு என வழங்கியது இன்று ஜாலான் சி. ஒய். சோய். முன்னவர் அம்மாநகரின் முதல் மேயர். பின்னவர், மக்கள் வாக்கால் அமைந்த மன்றத்தின் கடைசி மேயர். ஒருவர் தமிழர், ஆசிரியத் தொழில் செய்தவர், மற்றவர் சீனர். இருவர் காலத்திற்கும் இடைப்பட்டது முழுதாகப் பத்தாண்டுகூட இல்லை. அச்சாலைகளில் அன்றாடம் போவோருள் எத்துணைப் பேர் அப்பெயர்களின் பின்னால் ஒரு தேர்தல் வரலாறு இருப்பதை அறிவர்?

ஜார்ஜ் டவுன் மக்கள் இன்று நாடாளுமன்றத்திற்கு வாக்களிக்கின்றனர். மாநிலச் சட்டமன்றத்திற்கும் வாக்களிக்கின்றனர். தங்கள் தெருவிளக்கையும் சாக்கடையையும் சந்தையையும் கவனிக்கும் மன்றத்திற்கு மட்டும் வாக்களிப்பதில்லை. இது தொன்றுதொட்டு வந்த நிலை என்று இளைஞர் பலர் கருதுகின்றனர். அது சரியன்று. இந்நகர் ஒருமுறையன்று, இருமுறை அவ்வுரிமையைப் பெற்றது, இருமுறையும் இழந்தது.

மதிப்பீட்டாளரும் ஆணையரும்

1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் இறங்கிக் குடியேற்றத்தைத் தொடங்கினார். ஊர் விரைந்து வளர்ந்தது. சீனரும், சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம்களும், மலாய்க்காரரும், அச்சேயரும், அருமேனியரும் வந்து கூடினர். கூட்டம் பெருகின இடத்தில் குப்பையும் பெருகும், சாலை வேண்டும், வடிகால் வேண்டும், இவற்றுக்குப் பணம் வேண்டும். ஆகவே, 1800-ஆம் ஆண்டளவில் மதிப்பீட்டாளர் குழு ஒன்று நிறுவப்பட்டது. வீடுகளின் மதிப்பைக் கணித்து வரி விதிப்பது அதன் தொழில். மலாயாவில் ஆங்கிலேயர் ஏற்படுத்திய ஊராட்சி அமைப்புகளுள் முதலாவது இதுவே என்பர். இன்றும் மலேசியத் தமிழர் வீட்டு வரியை 'மதிப்பீட்டு வரி' என்றே சொல்வது இவ்விடத்து நினைக்கத்தக்கது.

அக்குழுவினர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அல்லர். தேர்தல் என்பது 1850-களில்தான் வந்தது. அப்போது பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய நீரிணைக் குடியேற்றங்கள் கல்கத்தாவிலிருந்த இந்திய அரசின்கீழ் இருந்தன. கல்கத்தாவில் 1856-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி 1857-இல் ஜார்ஜ் டவுனுக்கு நகராண்மை ஆணையர் குழு அமைந்தது. ஆணையருள் ஒரு பகுதியினரை அரசு நியமித்தது. எஞ்சியோரை வரியிறுப்போர் தேர்ந்தெடுத்தனர். வரியிறுப்போர் என்றால் ஊரார் அனைவரும் என்று கொள்ளலாகாது. குறித்த அளவுக்கு வரி கட்டும் உடைமையாளர் மட்டுமே வாக்காளர். வண்டியிழுப்பவரும், துறைமுகக் கூலியாளும், வாடகைக் கொட்டடியில் குடியிருந்தவரும் அவ்வட்டத்துக்கு வெளியே நின்றனர்.

உடைமையுள்ளவனுக்கே ஊர்க்காரியம் என்னும் இக்கொள்கை தமிழர்க்குப் புதிதன்று. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலையில் பெயர் எழுதப்படுவோருக்கு வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் கட்டிய வீடும் வேண்டும் என்கின்றன. ஆனால் அக்கல்வெட்டு இன்னொன்றையும் சொல்கிறது. முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுக்கு உறவானவரும் குடவோலைக்கு ஆகார். கணக்குத் தவறியவனை விலக்கினார்களே அன்றிக் குடவோலையை விலக்கவில்லை. இதைப் பின்னால் மீண்டும் நினைக்க வேண்டியிருக்கும்.

'ஆணையர்' என்னும் சொல்லையும் சற்று ஊன்றிப் பார்க்கலாம். ஆணையர் என்பவர் மேலிருந்து ஆணை பெற்றவர். மன்றத்தார் என்பவர் கீழிருந்து அனுப்பப்பட்டவர். ஜார்ஜ் டவுன் நகராட்சிக்கு நெடுங்காலம் முதற்பெயரே வழங்கியது, உள்ளதும் அதுவே. வரியிறுப்போர் தேர்ந்தெடுத்த ஆணையரும் அரசு அதிகாரியின் தலைமையிலேயே அமர்ந்தனர். தேர்தல்களில் வாக்களித்தோரும் மிகச் சிலர். இதையே காரணமாகக் காட்டி, 1913-ஆம் ஆண்டு நகராண்மைச் சட்டம் தேர்தலை அடியோடு நீக்கியது. ஆணையர் அனைவரும் நியமனம் பெற்றவர் ஆயினர். வணிகர் சங்கமும், ஆங்கிலக் குடிமையுடைய சீனர் சங்கமும், பிற இனத்தார் அமைப்புகளும் பெயர் முன்மொழியும், ஆளுநர் ஏற்பார். மக்கள் ஆர்வம் காட்டவில்லை என்பது அன்று சொல்லப்பட்ட காரணம். வாக்குரிமை உடையவர் ஒரு சிறு கூட்டம். அவர்கள் தேர்ந்தெடுத்தவர்க்கு இருந்த அதிகாரமோ அதனினும் சிறிது. ஆர்வம் எங்கிருந்து வரும்?

அடுத்த 38 ஆண்டுகள் இந்நகரில் நகராண்மைத் தேர்தல் இல்லை. ஆனால் நகராண்மை வேலை நின்றுவிடவில்லை. மின்சாரமும், அருவிக் குடிநீரும், டிராம் வண்டியும், அதன்பின் மேற்கம்பியில் மின்சாரம் பெற்று ஓடிய டிராலி பேருந்தும் நகராண்மைக் கழகத்தின் பொறுப்பில் நடந்தன. 1903-இல் கடற்கரைத் திடலருகே எழும்பிய வெண்ணிற மாளிகையே அதன் பணிமனை. அந்த மாளிகைக்குள் நுழைந்து நாற்காலியில் அமர்ந்த தமிழர் மிகச் சிலர். அதன் சாலைகளைக் கூட்டி, சாக்கடைகளைத் தூர்வாரி, குப்பை வண்டி தள்ளிய தமிழரோ மிகப் பலர்.

1951 டிசம்பர் 1

இரண்டாம் உலகப் போர் முடிந்தது, ஜப்பானியர் போயினர், ஆங்கிலேயர் மீண்டனர். 1948-இல் மலாயாக் கூட்டரசு அமைந்த சில மாதங்களிலேயே அவசரகாலமும் பிறந்தது. காட்டில் கம்யூனிஸ்டுகளோடு போரிட்டுக்கொண்டே, நாட்டில் தன்னாட்சிக்கு வழி திறப்பதாகவும் ஆட்சியாளர் காட்ட வேண்டியிருந்தது. நாடளாவிய தேர்தல் நடத்த அவர்கள் அப்போது ஆயத்தமாக இல்லை. அடியிலிருந்து தொடங்குவோம் என்றனர். 1950-இல் உள்ளாட்சித் தேர்தல் சட்டம் பிறந்தது. அச்சட்டத்தின்கீழ் கூட்டரசில் முதலில் வாக்களித்த நகர் ஜார்ஜ் டவுன். நாள் 1951 டிசம்பர் 1. சிங்கப்பூரில் 1949-லேயே நகராண்மைத் தேர்தல் நடந்திருந்தது. ஆனால் சிங்கப்பூர் கூட்டரசில் சேர்ந்ததன்று.

நகர் தஞ்சோங், கெலாவாய், ஜெலுத்தோங் என மூன்று தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. தொகுதிக்கு மூவர் என ஒன்பது பேர் தேர்வு. மன்றத்தின் மொத்த உறுப்பினர் 15. எஞ்சிய அறுவர் நியமனம். மருத்துவர் லிம் சோங் இயூ தலைமையில் அவ்வாண்டே தோன்றிய ராடிக்கல் கட்சி ஆறு இடங்களைப் பெற்றது. தொழிற் கட்சிக்கு ஒன்று, அம்னோவுக்கு ஒன்று, கட்சி சாராதவர்க்கு ஒன்று. ஒன்பதில் ஆறு என்பது பெருவெற்றியே. ஆயினும் பதினைந்தில் ஆறு என்பது சிறுபான்மை. தேர்தலில் வென்ற கட்சி மன்றத்தில் ஆளும் கட்சி ஆகவில்லை என்னும் இந்தக் கணக்கை மாணவர்க்குக் கரும்பலகையில் போட்டுக் காட்டினால், குடியேற்ற ஆட்சி தந்த சீர்திருத்தத்தின் தன்மை நன்கு விளங்கும்.

யார் வாக்களித்தனர் என்பதும் கேட்கத்தக்கது. இம்முறை வரி கட்டும் செல்வர் மட்டும் என்ற வரையறை இல்லை. ஆனால் குடியுரிமை என்ற வேலி இருந்தது. மலாயாவில் பிறவாத தமிழ்த் தொழிலாளர் பலர் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமை விதிகளுக்குள் அடங்கவில்லை. அடங்கியவரும் தாமே சென்று பெயர் பதிவு செய்துகொண்டால்தான் வாக்கு. நகராண்மைக்கு உழைத்தவர் நகராண்மையைத் தேர்ந்தெடுக்க முடியாத நிலை, சுருங்கிய அளவிலேனும், தொடர்ந்தது.

இரண்டரைத் திங்கள் கழித்து, 1952 பிப்ரவரியில் கோலாலம்பூர் நகராண்மைத் தேர்தல் வந்தது. அங்கே அம்னோவும் மலாயாச் சீனர் சங்கமும் கைகோத்து நின்று பன்னிரண்டில் ஒன்பது இடங்களை வென்றன. பிற்காலத்தில் நாட்டை ஆண்ட கூட்டணி அந்த நகராண்மைத் தேர்தலில் பிறந்ததே. வரலாற்று நூல்கள் கோலாலம்பூரைப் பேசி, ஜார்ஜ் டவுனை ஓரிரு வரியில் கடந்துவிடுவதற்கு அதுவே காரணம். பினாங்கு வேறு வழியில் சென்றது. இங்கே இனவழிக் கட்சிகளின் கூட்டு அல்ல, பல இனத்தாரும் கலந்த கட்சிகளே நகரமன்றத்தில் மாறி மாறி மேலோங்கின. முதலில் ராடிக்கல் கட்சி. பின்னர் தொழிற் கட்சி.

மூன்றில் ஒரு பங்கு

அக்காலத் தேர்தல் முறையைச் சற்று விளக்க வேண்டும். ஒன்பது பேரும் ஒரே நாளில் வந்து ஒரே நாளில் போகவில்லை. ஆண்டுதோறும் மூன்றில் ஒரு பங்கினர் விலக, அவ்விடங்களுக்கு ஆண்டுதோறும் தேர்தல் நடக்கும். இது இங்கிலாந்திலிருந்து வந்த வழக்கம். 1835-ஆம் ஆண்டு ஆங்கில நகராண்மைச் சட்டம் மன்ற உறுப்பினர்க்கு மூன்றாண்டுப் பதவியும், ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு மாற்றமும் விதித்தது. அங்கே மாவட்ட மன்றங்கள் சில இன்றும் அம்முறையைப் பின்பற்றுகின்றன.

இதன் நன்மை, மன்றம் ஒரே நாளில் புதியவர் கையில் விழுந்து தடுமாறாது. பழகியவர் எப்போதும் மூன்றில் இரு பங்கு இருப்பர். தீமை, மக்கள் மனம் மாறியது மன்றத்தில் தெரிய ஆண்டுகள் பல ஆகும். ஆனால் கட்சிகளுக்கு இது ஒரு நல்ல பள்ளிக்கூடம். ஒவ்வோர் ஆண்டும் வாக்காளர் வீட்டுக் கதவைத் தட்டியாக வேண்டும். சென்ற ஆண்டு சொன்ன சொல்லை இந்த ஆண்டு வாக்காளன் நினைவில் வைத்திருப்பான். பினாங்குத் தொழிற் கட்சியின் படிப்படியான வளர்ச்சிக்கு இவ்வாண்டுத் தேர்தல்கள் பெரிதும் துணை செய்தன எனலாம். 1956-இல் நியமன இடங்கள் நீங்கி, பதினைந்து பேரும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஆயினர். கூட்டரசில் முழுதும் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் நகரமன்றம் அதுவே. தொழிற் கட்சி அதில் முதன்மை பெற்றது.

1957 சனவரி 1-ஆம் நாள், எலிசபெத் அரசியாரின் பட்டயத்தால் ஜார்ஜ் டவுன் மாநகர் ஆயிற்று. கூட்டரசில் அத்தகுதி பெற்ற முதல் ஊர். கோலாலம்பூருக்கே அது 1972-இல்தான் கிட்டியது. முதல் மேயராக டி. எஸ். இராமநாதன் அமர்ந்தார். மலாயா விடுதலை பெற்றது அவ்வாண்டு ஆகஸ்டு 31-இல். ஆகவே நாடு தன்னை ஆளத் தொடங்கும் முன்பே, எட்டுத் திங்கள் முந்தி, இந்நகர் தன்னை ஆளத் தொடங்கிவிட்டது. சுமார் 235,000 மக்கள் வாழ்ந்த, பெரும்பாலோர் சீனராகிய ஒரு நகர், தமிழர் ஒருவரைத் தலைவராக ஏற்றதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அவரைத் தமிழர் என்பதற்காக யாரும் தேர்ந்தெடுக்கவில்லை என்பதே அதனினும் பெருமை. பினாங்கில் ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1959-இலேயே குரல் எழுப்பியவர் அவர். 1969-இல் அது நிறைவேறி, இன்று மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமாக நிற்கிறது.

கட்சிக்குள் அமைதி நிலைக்கவில்லை. தொழிற் கட்சி 1957-இல் மக்கள் கட்சியோடு இணைந்து சோஷலிச முன்னணி ஆயிற்று. இராமநாதனுக்கும், வழக்கறிஞர் லிம் கியான் சியூவைச் சார்ந்தோருக்கும் பூசல் முற்றியது. 1961-இல் அவர் மேயர் பதவி முடிந்தது. ஊய் தியாம் சியூ, பின்னர் சி. ஒய். சோய் ஆகியோர் அவ்விருக்கையில் அமர்ந்தனர். ஆள் மாறினாலும் சோஷலிச முன்னணியின் பிடி தளரவில்லை. மாநிலத்தில் வோங் பாவ் நீ முதலமைச்சராக இருந்த கூட்டணி அரசு. மாநகரில் எதிர்க்கட்சி அரசு. இவற்றுள் மாநகரின் வருவாயே மாநில அரசின் வருவாயைவிடப் பெரிது! மின்சாரக் கட்டணம் மட்டுமே ஒரு பெருநிதி. ஒரே தீவில், ஒன்றையொன்று விரும்பாத இரண்டு ஆட்சிகள், சிறியதன் கையில் பெரிய பணப்பெட்டி என்றால், பூசலுக்கு வேறு விதை வேண்டியதில்லை.

நிறுத்தமும் நீக்கமும்

கோலாலம்பூரில் வாக்குரிமை முன்னரே போயிற்று. 1960-ஆம் ஆண்டுக் கூட்டரசுத் தலைநகர்ச் சட்டத்தின்படி 1961 ஏப்ரல் முதல் தலைநகரை ஓர் ஆணையர் ஆண்டார். சிங்கப்பூரில் 1957-இல் ஓங் எங் குவானை மேயராகக் கொண்டு எழுந்த மாநகர மன்றம் 1959-இல் மறைந்தது. ஜார்ஜ் டவுன் இன்னும் சிறிது காலம் தாக்குப்பிடித்தது. 1963 தேர்தலே கடைசி.

மலேசியா அமைந்ததை எதிர்த்து இந்தோனேசியா பகைமைப் போக்கைத் தொடங்கியிருந்தது. அதன் காரணமாக 1965 மார்ச் 1-ஆம் நாள் உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்படுவதாக அரசு அறிவித்தது. நீக்கமன்று, நிறுத்தமே என்றது. அப்பகைமை 1966-இல் ஒப்பந்தத்தோடு முடிந்தது. தேர்தல் திரும்பவில்லை. மாறாக, அதே ஆண்டில் ஜார்ஜ் டவுன் மாநகர மன்றத்தில் முறைகேடுகள் நடந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு, அதன் அதிகாரங்கள் முதலமைச்சர் கைக்கு மாற்றப்பட்டன. சிரம்பான், ஜொகூர் பாரு முதலிய ஊர்களிலும் இவ்வாறே நடந்தது.

குற்றச்சாட்டுகள் அனைத்தும் பொய் என்று சொல்வதற்கில்லை. நகரமன்றங்கள் பலவற்றில் ஒழுங்கின்மை இருந்தது. கேள்வி அதுவன்று. கணக்குத் தவறியவனை என்ன செய்வது என்பதே கேள்வி. உத்திரமேரூரார் என்ன செய்தனர் என்பது மேலே சொல்லப்பட்டது.

இதே கேள்வியை ஆராயவே 1965-இல் அரச விசாரணை ஆணையம் ஒன்று அமைந்தது. அதன் தலைவர் செனட்டர் ஆதி. நாகப்பன். மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவர்களுள் ஒருவர். ஆளும் கூட்டணியைச் சேர்ந்தவர். நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் துணைத் தலைமை ஏற்ற ஜானகி அம்மையாரின் கணவர் என்றால் பலருக்கும் எளிதில் விளங்கும். ஆணையம் மூன்றாண்டுகளுக்கு மேல் உழைத்து, 1968 டிசம்பரில் அறிக்கை தந்தது. உள்ளாட்சி மன்றங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவையாகவே இருத்தல் வேண்டும் என்பது அதன் முடிவு. குறைகளை எடுத்துக் காட்டிற்று. ஆனால் குறைக்கு மருந்து தேர்தலை நீக்குவதன்று என்றது. ஆளுங்கட்சிக்காரர் தலைமையேற்ற ஆணையம் ஆளுவோர் விரும்பாத முடிவைச் சொல்லியது. அது நாகப்பனாருக்குப் பெருமை.

அறிக்கை ஏற்கப்படவில்லை. 1969 மே கலவரத்திற்குப் பின் நாட்டின் மனநிலை வேறாயிற்று. 1973-இல் தற்காலிக ஏற்பாட்டுச் சட்டம் வந்தது. ஜார்ஜ் டவுன் மாநகர மன்றமும் தீவின் ஊரக மன்றமும் ஒன்றாக்கப்பட்டு, பினாங்குத் தீவு நகராண்மைக் கழகம் பிறந்தது. 1976-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம், தன் 15-ஆம் பிரிவில், உள்ளாட்சித் தேர்தல்களுக்கு நிலையாக முற்றுப்புள்ளி வைத்தது. உறுப்பினரை மாநில அரசு நியமிக்கும். எண்ணிக்கை 24-க்கு மேற்படாது. அப்போது பினாங்கின் முதலமைச்சர் யார் எனில், மருத்துவர் லிம் சோங் இயூ! 1951-இல் முதல் தேர்தலை வென்ற கட்சியின் தலைவர் ஆட்சியிலேயே கடைசிக் கதவும் மூடிற்று. சட்டம் இயற்றியது நாடாளுமன்றம், மாநிலமன்று என்பதை நேர்மைக்காகச் சொல்ல வேண்டும். எனினும் நியமன அதிகாரம் கைக்கு வந்தபின் அதைத் திருப்பித் தர எந்த மாநில அரசும் அவசரப்படவில்லை.

தமிழகத்துச் சென்னைக்கும் இத்தகைய ஒரு காலம் உண்டு. 1688-இல் தோன்றிய சென்னை மாநகராட்சி 1973-இல் கலைக்கப்பட்டு, 1996 வரை தனி அதிகாரிகளால் ஆளப்பட்டது. அங்கு மன்றம் மீண்டது எவ்வாறு? 1992-இல் இந்திய அரசியலமைப்பின் 74-ஆம் திருத்தம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நகராட்சித் தேர்தலைக் கட்டாயமாக்கியது. அதன் பின்னும் 2016 முதல் 2022 வரை சென்னையில் மன்றம் இல்லாது போயிற்று என்பது வேறு கதை. ஆனால் வழக்காடுவோர் கையில் அரசியலமைப்பின் ஒரு விதி இருந்தது. மலேசிய அரசியலமைப்பில் அத்தகைய விதி இல்லை.

அந்தக் குறை 2014-இல் வெளிப்பட்டது. 2008-இல் பினாங்கில் ஆட்சி மாறியது. புதிய அரசு உள்ளாட்சித் தேர்தலை மீட்க முயன்று, 2012-இல் மாநிலச் சட்டமன்றத்தில் ஒரு சட்டம் நிறைவேற்றிற்று. ஊராட்சி மாநிலப் பட்டியலில் உள்ள பொருள் என்பது அதன் வாதம். பட்டியலில் உள்ளது உண்மையே. ஆனால் ஊராட்சிச் சட்டங்கள் நாடெங்கும் ஒரேவிதமாக இருக்கும் பொருட்டு நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்று அரசியலமைப்பின் 76-ஆம் விதி சொல்கிறது. நாடாளுமன்றச் சட்டத்தோடு மாநிலச் சட்டம் முரண்பட்டால் பின்னது செல்லாது என்கிறது 75-ஆம் விதி. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால் 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தை மாநிலம் தாண்ட இயலாது. 2014 ஆகஸ்டு 14-ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம் பினாங்கின் சட்டம் செல்லாதெனத் தீர்ப்பளித்தது. தேர்தல் வேண்டுமா வேண்டாவா என்பதை நீதிமன்றம் ஆராயவில்லை. யாருக்கு அதிகாரம் என்பதையே ஆராய்ந்தது. வேண்டுமாயின் நாடாளுமன்றத்தில்தான் கேட்க வேண்டும் என்பது பெறப்பட்டது. 2018-இல் கூட்டரசிலும் ஆட்சி மாறியபோது அங்கே கேட்டனர். உள்ளாட்சித் தேர்தல் இனப்பூசலுக்கு இடம் தரும் என்று பிரதமர் மகாதீர் மறுத்தார். 1957-இல் ஜார்ஜ் டவுன் மேயராக அமர்ந்தவர் யார் என்பதை அப்போது யாரேனும் அவருக்கு நினைவூட்டினரோ, தெரியவில்லை.

2015 மார்ச்சில் பினாங்குத் தீவு முழுவதும் மாநகர் ஆக்கப்பட்டது. மேயர் பதவி மீண்டும் வந்தது. பத்தாகியா இஸ்மாயில் என்னும் அம்மையார் அப்பதவியில் அமர்ந்தார். அவ்விருக்கை கண்ட முதல் பெண்மணி. அவரும் நியமனம் பெற்றவரே. பட்டயம் தந்த மாநகர்ப் பெயர் 1957-இலிருந்து என்றும் போகவில்லை என வாதிடும் பினாங்குக்காரர் பலர் உளர். பெயரைப் பற்றி வாதிடலாம். மன்றத்தைப் பற்றி வாதிட இடமில்லை. 1963-இல் இருபத்தோராண்டு நிரம்பி முதன்முறையாக வாக்களித்த இளைஞர் இன்று எண்பதைக் கடந்திருப்பர்.

பினாங்கில் 2008-இல் ஒரு சிறு வழக்கம் தொடங்கிற்று. நகராண்மை உறுப்பினர் இடங்களுள் சிலவற்றை மாநில அரசு கட்சிக்காரர்க்குத் தராமல் பொதுநல அமைப்புகளுக்கு ஒதுக்கிற்று. யாரை அனுப்புவது என்று அவ்வமைப்புகள் கூடிப் பேசின. பெயர்கள் மிகுந்தபோது தாளில் பெயர் எழுதி வாக்கெடுத்து, வந்த முடிவை அரசுக்கு அனுப்பிவைத்தன.